பலகைக்கு அடியில் எழுதிய சொல்

அன்றைக்கு ஒன்பது மணிக்குத் தேநீர் வரவில்லை.

சுவிஸின் பாசல் நகரில், ட்ராம் வளைந்து திரும்பும் ஒரு தெருவில், மூன்று மாடி வீடொன்றின் பின்சுவரில் வேலை. சாரக்கட்டின் இரண்டாம் தட்டில் நின்றேன். நவம்பர் குளிர். கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்று அடிக்கடி மடக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தத் தட்டில் ஒரு வீட்டுச் சமையல் குசினியின் யன்னல். இரண்டு மாதமாக, ஒன்பது மணியானால் அது திறக்கும். ஒரு கை வெளியே வரும். கையில் தேநீர்க் கோப்பை, கோப்பை மேல் தட்டு, தட்டில் இரண்டு பிஸ்கட்.

"ஆற முதல் குடியுங்கோ அண்ணை. பிறகு கோப்பையை உதில வையுங்கோ, கீழ போட்டிடாதேங்கோ."

அது வசந்தி. மட்டக்களப்புப் பக்கம். புருஷன் நாதன் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். காலை ஐந்து மணிக்குப் போய்விடுவார். ஒரே மகள் ஆரணிக்கு எட்டு வயது.

அன்றைக்கு ஒன்பதே கால் ஆகியும் யன்னல் திறக்கவில்லை. கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக ஆவிப்புகார் படிந்து கிடந்தது. அதில் தண்ணீர் கோடு கோடாக வடிந்துகொண்டிருந்தது.

மற்றவர்கள் கீழே பாணும் சலாமியும் தின்றுகொண்டிருந்தார்கள். நான் கையில் மரப்பலகையோடு நின்றேன்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால், அதற்கு முதல் நாளே விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று பிறகு என் மனைவியிடம்கூடச் சொன்னேன். இங்கே அந்தப் பொய்யை எழுத மாட்டேன்.

சுவருக்கு ஜக்கெட்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம், சுவருக்கு ஜக்கெட் போடுகிற வேலை என்று சொல்வேன். சிரிப்பார்கள். கோயிலில் ஒருவர், கழுத்துப்பட்டி கட்டி வேலைக்குப் போகிறவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"றெஜிபோம் ஒட்டுறதுக்கு ஏன் தம்பி உனக்கு இடுப்பும் நாரியும் நோகுது?"

நம் ஆட்களுக்கு றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகை என்றால் கல்யாண மணவறை. வெட்டி, பொன்னிறம் அடித்து, இரண்டு பக்கமும் மயில் வைப்பது. அன்றைக்கு அவரை ஒரு நாள் சாரக்கட்டில் ஏற்றி, காற்றில் ஆடுகிற பலகையைப் பிடிக்கவிட வேண்டும் போல இருந்தது. பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலை இதுதான். பழைய சுவர் மேல் ஒரு சாண் தடிப்பில் சாம்பல் நிற நுரைப்பலகை. கீழ் வரிசைப் பொருத்துக்கு நேர் மேலே மேல் வரிசைப் பொருத்து வரக்கூடாது. பொருத்துகள் மேல் நாடா. அதன் மேல் மரச்சட்டம். சட்டத்திலிருந்து நுரையைத் துளைத்துச் சுவருக்குள் போகிற நீளத் திருகாணி. சட்டத்தின் மேல் மரப்பலகை. நுரைக்கும் மரத்துக்கும் இடையில் காற்றோட வழி. தெருவில் போகிறவனுக்குத் தெரிவது கடைசி மரம் மட்டும். ஆகா, அழகான வீடு என்பான்.

நகம் போகிற இடைவெளி விட்டாலும் போதும். குளிர் அதைக் கண்டுபிடித்துவிடும். உள்சுவர் வேர்க்கும். அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் கறுப்பாக ஏறும். அந்த வீட்டுப் பிள்ளை இருமும்.

நான் இடைவெளி விடுவதில்லை. அதில் எனக்குத் திமிர் உண்டு. யன்னலுக்கு மேலே சுருள்திரை போகிற பெட்டி இருக்கும். அதன் ஓரத்தைச் சோம்பேறிகள் அப்படியே விட்டுவிடுவார்கள். நான் நுரை அடித்து, காயவிட்டு, சீவி, நாடா ஒட்டுவேன். ரோலண்ட்கூட ஒருமுறை மற்றவர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினான்.

ரோலண்ட் எங்கள் செஃப். இங்கே செஃப் என்றால் சமையல்காரன் இல்லை, வேலைத்தலைவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். கெட்டவன் இல்லை. வேலை பிந்தினால் மட்டும் கெட்டவன். அந்த வேலை முதல் நாளிலிருந்தே பிந்தியிருந்தது.

இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நுரைப்பலகை போட்டுவிட்டால் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. தண்ணீர்க் குழாய் இருக்கும், வயர் இருக்கும். திருகாணி அதில் ஏறினால் நாசம். அதனால் தச்சுப் பென்சிலால் பலகை மேலேயே எழுதி வைப்பேன். "குழாய்". "வயர்". "இதில் ஏத்தாதே". எல்லாம் தமிழில்.

மொழிப்பற்று ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் ஜெர்மனில் எழுதினேன். எழுத்துப் பிழையை ஒருவன் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான். ஒரு மதிய இடைவேளை முழுக்கச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்தான். சிரிக்க வேண்டுமென்றால் முதலில் வாசிக்கப் பழகட்டும்.

"திரும்பவும் நூடில்ஸ் போட்டுவிட்டாயா?" என்பான் ரோலண்ட், என் எழுத்தைப் பார்த்து.

"ஓம், உனக்கும் ஒரு கோப்பை" என்பேன்.

என்ன எழுதியிருக்கிறது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

கறி மணம்

செப்டெம்பரில் அந்தக் குசினிச் சுவருக்கு நுரைப்பலகை போட்டேன். யன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், சுவரில் ஒரு சின்ன இரும்பு வலை. உள்ளங்கை அகலம். காற்று போகிற ஓட்டை.

வரைபடத்தைப் பார்த்தேன். அதில் ஓட்டை இல்லை.

இப்படி ஓட்டை இருந்தால் அதை மூடக்கூடாது. ஒரு குழாயைப் பொருத்தி, நுரையையும் மரத்தையும் தாண்டி வெளியே கொண்டுவந்து, புது வலை போட வேண்டும். குழாய் இல்லையென்றால் செஃப்பிடம் சொல்ல வேண்டும். அவன் வேலையை நிறுத்திக் கட்டட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். அவர்களை நாங்கள் வெர்வால்டுங் என்போம். அவர்கள் பதில் சொல்ல ஒரு கிழமை எடுக்கும்.

அன்று காலையில்தான் ரோலண்ட் கத்தியிருந்தான். இனி ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் எல்லாரும் சனிக்கிழமை வரவேண்டும் என்று.

நான் யன்னலில் தட்டினேன். வசந்தி திறந்தாள்.

"தங்கச்சி, உதில கீழ ஒரு ஓட்டை கிடக்கு. உள்ள என்ன அது?"

"அதோ? அது சும்மா அண்ணை. அதை நாங்கள் எப்பவோ அடைச்சுப்போட்டம்."

"ஏன் அடைச்சனீங்கள்?"

"மேல் வீட்டு மனிசிக்கு மணக்குதாம். நான் செத்தல் மிளகாய் வறுத்தா அதுக்குள்ளால வெளியில போய் அவவின்ரை யன்னலுக்க ஏறுதாம். மூண்டு தரம் வெர்வால்டுங்குக்குக் கடிதம் போட்டவ. பிறகு இவர் முகம் துடைக்கிற பழைய துவாய் ஒண்டை மடிச்சு, பொலித்தீன் சுத்தி, இறுக்கி டேப் போட்டு விட்டவர். முன்னுக்கு அரிசி வாளியை வச்சிட்டன். இப்ப ஒரு கதையும் இல்லை."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த கதை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். நாலு பேர் ஒரு அறை. மின் அடுப்பில் களவாகக் கறி வைப்போம். வைக்க முதல் கதவின் கீழ் ஈரத்துணி, சாவித் துவாரத்தில் பஞ்சு, புகை எச்சரிக்கைக் கருவிக்கு மேல் நீச்சல் தொப்பி. வேலைக்கு வெளிக்கிடும்போது ஒருவனை ஒருவன் மணந்து பார்ப்போம். "மணக்குதோ?" "கொஞ்சம்." சட்டை மாற்றுவோம். ரயிலில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனால் அன்று முழுக்க மனம் சரியில்லை. அவர் இறங்கத்தான் எழுந்திருப்பார். நாங்கள் அப்படி நினைக்க மாட்டோம்.

எத்தனை தமிழ் வீடு பார்த்திருக்கிறேன். குளிர்கால ஜக்கெட்டுகளைப் பொலித்தீன் பைக்குள் கட்டித் தொங்கவிடுகிறவர்கள். பிள்ளையின் பள்ளிப் பையை மாடிப்படியில் வைக்கிறவர்கள். வெள்ளைக்காரன் வந்து வாடகை வீட்டைப் பார்க்கப் போகிறான் என்றால் மூன்று நாள் சமைக்காதவர்கள். இந்த நாட்டில் நாங்கள் முதலில் பழகிய கைத்தொழில் ஓட்டை அடைப்பதுதான். அதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லை.

அதனால் வசந்தி சொன்னதை நம்பினேன். ஒரு சுவிஸ்காரி சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உள்ளே போய்ப் பார்த்திருப்பேன், படம் எடுத்திருப்பேன், ரோலண்டைக் கூப்பிட்டிருப்பேன். நம்ம பிள்ளை, தேநீர் தருகிற பிள்ளை. அவள் சும்மா என்றால் சும்மாதான்.

அவளுடைய தோளுக்கு மேலால், கழுவுதொட்டிக்கு மேலே, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தெரிந்தது. சுடுதண்ணீர் போடுகிற பழைய காஸ் பெட்டி. நடுவில் சின்னக் கண்ணாடி, அதற்குள் நீலச் சுடர். பார்த்தேன். அந்தச் சுடருக்குக் காற்று வேண்டும், அந்தக் காற்றுக்குத்தான் அந்த ஓட்டை என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு நிமிடம் என்னிடம் இருந்தது.

பலகையைப் போட்டேன். திருகாணி வெறும் ஓட்டைக்குள் போனால் பிடிக்காது. அதனால் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் எழுதினேன். ஓட்டை.

பிறகு சுருள்திரைப் பெட்டி ஓரத்துக்கு நுரை அடித்தேன். நன்றாக. நான் செய்ததிலேயே நல்ல வேலை அது.

முதல் நாள்

துவாய் அடைத்துப் பல வருடம் ஆகியும் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்று யோசிக்க வேண்டும். பழைய மர யன்னல் எல்லாப் பக்கத்தாலும் காற்று விட்டது. சுருள்திரைப் பெட்டியாலும் காற்று வந்தது. அந்தக் கோடையில் வேறொரு கம்பனி வந்து எல்லா யன்னலையும் கழற்றி, மூன்று கண்ணாடி யன்னல் போட்டது. செப்டெம்பரில் நான் வந்து மிச்சத்தை அடைத்தேன். வெயில் இருக்கும்வரை வசந்தி யன்னலைத் திறந்து வைத்தாள். நவம்பரில் குளிர் இறங்கியதும் மூடினாள்.

தேநீர் வராத நாளுக்கு முதல் நாள், கோப்பையை நீட்டிவிட்டு அவள் யன்னல் சட்டத்தில் நெற்றியைச் சாய்த்தாள்.

"என்ன தங்கச்சி, சுகமில்லையோ?"

"தலையிடி அண்ணை. நாலு நாளா. பனடோல் போட்டும் விடுதில்லை. சின்னவளுக்கும் சத்தி, ஒண்டும் வயித்தில நிக்குதில்லை. பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் ஏதோ காய்ச்சலாம்."

"நாதன்?"

"அவருக்கு ஒண்டுமில்லை. அவர் எங்கை வீட்டில நிக்கிறார்?"

"எப்ப கூடக் குத்துது?"

அவள் யோசித்தாள். "குசினிக்குள்ள நிண்டாத்தான். கடைக்குப் போனா விட்டிடுது. பாருங்கோவன், சமைக்காமல் திரியச் சொல்லுது தலை."

நகைச்சுவையாகத்தான் சொன்னாள். நான் குடிக்காமல் கோப்பையை வைத்துவிட்டேன்.

காபனோரொட்சைட்டு, அதாவது கார்பன் மொனொக்சைட் வாயு. நிறமற்றது, மணமற்றது, நச்சுத்தன்மையானது. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடமாக்கியது. காற்று போதாத இடத்தில் எரிந்தால் உண்டாகும். அந்த வரி முழுசாக ஞாபகம் வந்தது, பக்கத்தில் இருந்த படத்தோடு.

"யன்னலைக் கொஞ்சம் திறந்து வை, தங்கச்சி."

"திறந்தா மணம் மேல போகுமே அண்ணை. குடியுரிமைக்கு வேறை போட்டிருக்கிறம். அக்கம்பக்கத்திலையும் விசாரிப்பினமாம். அந்த மனிசியைத்தான் முதல் கேப்பினம்."

"பரவாயில்லை, திற."

"சரி, பிறகு திறக்கிறன்."

நான் ஏணியால் கீழே இறங்கினேன். ரோலண்டிடம் சொல்லத்தான் இறங்கினேன். அவன் பிழையாக வெட்டிய ஒரு பலகையைக் காலால் உதைத்து ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "உனக்கு என்ன வேண்டும்?" என்றான்.

அந்த வருடம் எனக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. சாரக்கட்டில் கைப்பிடிக் கம்பி போடாததற்கு நான் அவனைப் பன்றி என்று கத்தியதற்காக. கம்பி போடாததற்கு அவனுக்கு ஒன்றும் இல்லை, பன்றிக்கு எனக்குக் கடிதம். இரண்டாவது வந்தால் வீட்டுக்குப் போகலாம். ஐம்பத்தாறு வயதில் முதுகு போன ஒருவனை யார் எடுப்பான்? வரைபடத்தில் இல்லாத ஓட்டையைக் கேட்காமல் மூடினேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

"திருகாணி முடிஞ்சுது" என்றேன்.

பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். யன்னல் மூடியே இருந்தது. ஓட்டை என்று எழுதிய இடத்துக்கு மேலே சட்டம் இருந்தது. சட்டத்தின் மேல் மரப்பலகையைத் திருகினேன். நான்தான். முதல் நாள், விளங்கிய பிறகு.

மாலை ட்ராமில் வரும்போது நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன். ஒரு நாளில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டேன்.

மூன்று கண்ணாடி

தேநீர் வராத அன்று, ஒன்பதே காலுக்கு யன்னலில் தட்டினேன். உள்பக்கம் வடிந்த தண்ணீர் இரண்டு கோடாகக் கண்ணாடியைத் துடைத்திருந்தது. அந்தக் கோட்டில் கண்ணை வைத்தேன்.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆவி. வெள்ளைப் பெட்டிக்குள் சுடர் எரிந்தது; நீலம் இல்லை, மஞ்சள். வசந்தி தரையில் அலுமாரியில் சாய்ந்து இருந்தாள், கால்களை நீட்டி, களைத்தவள் இருப்பது போல. ஆரணி மேசையில் தலையை வைத்திருந்தாள். முதுகில் பள்ளிப் பை.

"வசந்தி! கதவைத் திற! யன்னலைத் திற!"

அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். என்னைத் தெரிந்தது. கையைத் தூக்கி, வாறன் என்பது போல அசைத்தாள். வரவில்லை. கை திரும்ப மடியில் விழுந்தது.

அந்தக் கையை நான் மறக்கவில்லை. தேநீர் கொண்டுவரப் பிந்திவிட்டது என்று நினைத்திருப்பாள்.

"ரோலண்ட்!" என்று கத்தினேன். "உள்ளே காஸ்! இரண்டு பேர் விழுந்து கிடக்கினம்!"

"என்ன காஸ்? யன்னலைத் தொடாதே, அது புதிது! சுற்றிக் கதவால் போ!"

கதவால் போவது என்றால் ஏணியால் இறங்கி, வீட்டைச் சுற்றி, கீழ்க்கதவின் மணியை அடித்து, யாராவது திறக்கப் படியேறி, பூட்டிய வீட்டுக் கதவை உடைப்பது. நான் சுத்தியலை எடுத்தேன்.

மூன்று கண்ணாடி யன்னலை உடைத்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். முதல் அடி ஒன்றும் செய்யாது. சுத்தியல் துள்ளிக் கையில் அடிக்கும். மூலையில் அடிக்க வேண்டும். முதல் கண்ணாடி மாவாக விழுந்தது. இரண்டாவது வெடித்தது, விழவில்லை. ஆணி பிடுங்குகிற கடப்பாரையால் குத்தினேன். மூன்றாவதற்கு என் தோளும் போனது. கீழே ரோலண்ட் கத்துவது கேட்டது, பிறகு கத்தல் நின்றது. அவன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான்.

கையை விட்டுப் பிடியைத் திருப்பினேன். சூடான ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அதில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணத்தன. வேறு ஒன்றும் மணக்கவில்லை. அது மணக்காது. மேல் வீட்டு மனிசி மூன்று கடிதம் போட்டது கறிவேப்பிலைக்கு.

உள்ளே குதித்து முதலில் குழாயை மூடினேன். சுடர் சின்னதானது. ஆரணியைப் பையோடு தூக்கினேன். எட்டு வயதுப் பிள்ளை, நுரைப்பலகைக் கட்டு ஒன்றின் பாரம்தான். உதடு சிவந்திருந்தது. கதவைத் திறந்து படிக்கட்டில் கிடத்தினேன். திரும்பி வந்தால் ரோலண்ட் யன்னலால் உள்ளே இறங்கி வசந்தியின் ஒரு தோளைப் பிடித்திருந்தான்; மற்றத் தோளை நான் பிடித்தேன். இருவரும் இழுத்தோம்.

படிக்கட்டில் குளிர்காற்று பட்டதும் அவள் வாய் அசைந்தது.

"அண்ணை... அம்புலன்ஸ் வேண்டாம்."

"வாயை மூடு."

"வெர்வால்டுங்குக்குத் தெரிஞ்சா... துவாய்... அரிசி வாளிக்குப் பின்னால... எடுத்துவிடுங்கோ..."

"விசர்க் கதை கதையாதை! மூச்சை இழு! இழு!"

நான் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கெட்ட சொல்லெல்லாம் வந்தது. அவள் நித்திரையாகிவிடக் கூடாது என்று மட்டும்தான் தெரிந்தது. ரோலண்ட் தொலைபேசியில் முகவரி சொன்னான். தன் ஜக்கெட்டைக் கழற்றி ஆரணியை மூடினான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆரணி என் காற்சட்டை மேல் சத்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் நான் படியில் குந்திவிட்டேன்.

அம்புலன்ஸ் போன பிறகு ரோலண்ட் உள்ளே போய் அரிசி வாளியை நகர்த்திப் பார்த்தான். துவாயைப் பார்த்தான். வெளியே வந்து சிகரெட் பற்றவைத்தான்.

"உள்ளே அவர்களே அடைத்திருக்கிறார்கள்" என்றான். "அது போதும். நீ ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் ஒரு ஓட்டையையும் பார்க்கவில்லை. சரியா?"

நான் என் கையிலிருந்து கண்ணாடித் துண்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"சரியா, குமார்?"

"சரி" என்றேன்.

நாதனின் தொலைபேசி

இருவருக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் ஆரணி எழுந்து ஐஸ்கிறீம் கேட்டாள். வசந்திக்கு நடக்கும்போது தள்ளாடியது. பிழைத்துவிட்டார்கள். இன்னும் அரை மணித்தியாலம் என்றால் கதை வேறு என்று டொக்டர் சொன்னாராம். அரை மணித்தியாலம். நான் ஒரு முழு நாள் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் நாதன் தொலைபேசியில் கூப்பிட்டார். எனக்கு நன்றி சொன்னார். நன்றி சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் கூடியது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, வெர்வால்டுங்கில இருந்து ஒரு கடதாசி கொண்டந்தவை. காத்து வாற ஓட்டையை வாடகைக்கு இருக்கிற நாங்கள்தான் அடைச்சனாங்கள், அதாலதான் நடந்தது எண்டு எழுதியிருக்கு. கையெழுத்து வைக்கட்டாம். வைக்கட்டோ?"

"வைச்சா என்ன நடக்கும்?"

"வீட்டை விடவேணுமாம். பொலிசுக்கும் போகுமாம். குடியுரிமை... அதை விடுங்கோ, அது இனி சரிவராது. அடைச்சது உண்மைதானே அண்ணை? உண்மையை எழுதிக் குடுத்தா மன்னிப்பினம்தானே?"

அவருடைய குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. பிள்ளை சாகப் பார்த்திருக்கிறது, இந்த மனிதன் மன்னிப்பைப் பற்றிக் கதைக்கிறான். நாங்கள் எல்லாரும் அப்படித்தான். எங்களுக்கு ஒன்று நடந்தால் முதலில் நாங்கள் என்ன பிழை விட்டோம் என்று தேடுவோம். மற்றவன் தேடவே தேவையில்லை.

"ஒண்டிலையும் கையெழுத்து வைக்காதை" என்றேன்.

"ஏன் அண்ணை?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நாளைக்கு ஆக்கள் வந்து பாக்கினம். அதுவரைக்கும் வைக்காதை."

பென்சில்

அடுத்த நாள் காலை நாலு பேர் சாரக்கட்டின் இரண்டாம் தட்டில் நின்றோம். காஸ் பரிசோதகர், வெர்வால்டுங்கிலிருந்து ஒரு இளைஞன், ரோலண்ட், நான். உடைந்த யன்னலுக்கு ஒட்டுப்பலகை அடித்திருந்தது. அதற்குக் கீழே நான் போட்ட மரம், ஒரு கோடு பிசகாமல்.

உள்ளே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். துவாயை ஒரு பையில் போட்டு எடுத்திருந்தார்கள். வெர்வால்டுங் இளைஞன் கையிலிருந்த ஆவணக் கோப்பை மூடிவிட்டான்.

"தெளிவான விஷயம்" என்றான். "வாடகைக்காரர் அடைத்திருக்கிறார்."

பரிசோதகர் வயதானவர். தடித்த மூக்குக்கண்ணாடி. அவசரப்படாதவர். "வெளியே?" என்று கேட்டார்.

"வெளியே ஒன்றும் இருக்கவில்லை" என்றான் ரோலண்ட். "வரைபடத்தில் இல்லை. இருந்திருந்தால் என் ஆட்கள் கண்டிருப்பார்கள்."

"கழற்றுங்கள். பார்ப்போம்."

ரோலண்ட் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். திருகாணிகளை எடுத்தேன். மூன்று மரப்பலகை. பிறகு சட்டம். என் கை கட்டுப் போட்டிருந்தது, நேரம் எடுத்தது. தெருப்பக்கம் ட்ராம் வளைவில் கீச்சிட்டுத் திரும்பியது.

சட்டம் வந்தது. சாம்பல் நிற நுரைப்பலகை. அதில் கறுப்புப் பென்சிலில் ஒரு வட்டம், நடுவில் என் எழுத்து. நேற்று எழுதியது போல இருந்தது. மரத்துக்கு அடியில் மழை படாது, வெயில் படாது. நான் நல்ல வேலைக்காரன்.

பரிசோதகர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"அது ஒன்றுமில்லை" என்றான் ரோலண்ட். சிரிக்கப் பார்த்தான். "இவன் எல்லாப் பலகையிலும் கிறுக்குவான். அளவு, தன் பெயர், அப்படி ஏதாவது."

பரிசோதகர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்தச் சாரக்கட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அளவு என்று சொல்லியிருக்கலாம். என் மகளின் பெயர் என்று சொல்லியிருக்கலாம். நாதன் கையெழுத்து வைத்திருப்பார், வசந்தி சாமான் கட்டியிருப்பாள், நான் அடுத்த சுவருக்குப் போயிருப்பேன். ரோலண்டின் முகத்தில் அதுதான் எழுதியிருந்தது. அதை வாசிக்க எனக்கு மொழி தேவைப்படவில்லை.

இத்தனை வருடம் பலகைகளில் எழுதியிருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று ஒரு மனிதன் கேட்டது அன்றைக்குத்தான்.

முதலில் தமிழில் வாசித்தேன், சத்தமாக. பிறகு அவர்களுடைய மொழியில் சொன்னேன்.

"ஓட்டை."

வெர்வால்டுங் இளைஞன் கோப்பைத் திரும்பத் திறந்தான்.

"யார் எழுதியது?" என்று கேட்டார் பரிசோதகர்.

"நான்."

"எப்போது?"

"மூடுவதற்கு முதல்" என்றேன்.